மூன்றாம் எண்ணை அழுத்தாத விஜயதசமி

கார்த்தி போன் செய்தபோது அடுப்பில் பால் இருந்தது. நான் பக்கத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாத காரியம். அலுவலகத்தில் இருந்தவரை, ‘காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறாள்’ என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு நிலைமை இன்னும் மோசம். வாசலுக்கும் பின்கட்டுக்கும் நான் நடக்கிற நடையில் டி.வி. பார்க்க முடியவில்லை என்று வீட்டுக்காரர் புலம்புகிறார்.

கணினி அறையில் என் நாற்காலிக்கு இப்போது வந்திருப்பவர் கார்த்தி.

“சரோஜா மேடம், ஒரு டவுட்டுங்க. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு மூடி வெக்கணும்னு சொல்றாங்க. அடுத்த நாள் பெரிய சாரைக் கூப்பிட்டு மொதப் பட்டனை அமுத்தச் சொல்லணுமாமே. இப்பத்தான் பேக்கேஜ் எல்லாம் தானாவே அப்டேட் ஆயிக்குதுங்களே. அவரு வந்து எதைங்க அமுத்துவாரு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி வழிந்தது. துடைத்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது.

“தானாவா? யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்காதுங்க மேடம். வசதிதானுங்களே?”

வசதிதான். அதற்குள் அவர், “அப்படியே உங்க அனுபவத்தை நம்ம அலுவலக மலருக்கு எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உட்கார்ந்து எழுத வேண்டுமாம். சமையல் மேடை மேல் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோர்ப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

விவசாய ஆராய்ச்சி செய்கிற ஓர் அலுவலகம் அது. பெயர் இங்கே வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும். தட்டச்சு தெரியும் என்று நல்லம்பள்ளியிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போனவள் நான். முதலில் விளைச்சல் எண்களைத் தட்டினேன். பிறகு அந்த எண்களைக் கூட்டச் சொன்னார்கள். பிறகு பெரிய விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கற்று முடித்ததும் அதன் உரிமம் முடிந்தது. அதன் பிறகுதான் இலவசமாகக் கிடைக்கிற அந்தப் புள்ளியியல் மென்பொருள் வந்தது. என் வேலை வாழ்க்கையின் கடைசிப் பாதி முழுக்க அதற்குப் பேக்கேஜ் போடுவதிலும் எடுப்பதிலுமே கழிந்தது.

பேக்கேஜ் என்றால் என்ன என்று என் அக்கா கேட்டபோது நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மென்பொருள்தான் மிக்ஸி. பேக்கேஜ் என்பது ஜார். சட்னிக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று. வேண்டிய ஜாரை மாட்டிக்கொள்ளலாம். உலகத்தில் யாரோ ஒருவர் செய்து இனாமாகக் கொடுக்கிறார். அவரே சில மாதங்கள் கழித்து அதைத் திருத்தி மறுபடி கொடுக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் அதே ஜார்தான், உள்ளே பிளேடு மாறியிருக்கும். அதே தேங்காயைப் போட்டாலும் அரைபடுவது வேறு மாதிரி இருக்கும். இது தெரியாமல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து, “நேத்து வந்த நம்பர் இன்னிக்கு வரலீங்களே மேடம்” என்று நிற்பார்கள்.

எங்கள் தலைவர் முனிரத்தினம் சார். பென்னாகரம் பக்கம் கன்னடம் பேசுகிற குடும்பம். அவரிடமிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை ‘இரலி’. இருக்கட்டும் என்று அர்த்தம். புதிய பேக்கேஜ் வேண்டுமென்றால் கேட்கிறவர் நேரில் போய் நிற்க வேண்டும். சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். எதற்கு என்பார். இது இல்லாமல் முடியாதா என்பார். கடைசியாக, “இதைப் போட்டா, இப்ப ஓடிக்கிட்டிருக்கறதுல எது நிக்கும்?” என்பார். அதற்குப் பதில் தெரியாது என்றால் “இரலி”. வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வருவார். நான் பல்லைக் கடிப்பேன். ஒரு மாவாட்ட ஆகிற நேரத்தில் போட்டு முடிக்கிற வேலை, சாரின் மேசையில் வாரக்கணக்கில் கிடக்கும். புதிய பதிப்பில் என்னென்ன மாற்றினார்கள் என்று அதைச் செய்தவர் எழுதி வைத்திருக்கும் குறிப்பை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டுப் படிப்பார் மனிதர். பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. நான் கணினி அறைக்கு வருவதற்கு முன்பு, யாரோ ஒருவர் ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டாராம். இன்னொருவர் அச்சுக்கு அனுப்பிய அட்டவணையைப் பிறகு யாராலும் திரும்ப வரவழைக்க முடியவில்லை. அன்றைக்குச் சார் ஒரு வழக்கம் வைத்தார். எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து, சர்வரில் பேக்கேஜ்களுக்கென ஒரே இடம். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அதில் கை வைக்கலாம். அது விஜயதசமி. “புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேக்கற நாளு. நம்ம மெஷினும் அன்னிக்குப் புதுசு படிக்கட்டும்” என்பார்.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க எனக்குக் கொண்டாட்டம். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவேன். இருக்கிற பேக்கேஜ்கள் மொத்தத்தையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுப்பேன். ஜன்னலோரத்துப் பழைய கணினியில் புதியதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஆயுத பூஜை அன்று திரைகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை சுண்டலோடு பூஜை. பிறகு எல்லாக் கணினிக்கும் ஓய்வு, மேலே துண்டு போட்டு மூடிவிடுவோம். மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துத் துண்டை எடுப்போம். நான் கட்டளையைத் தட்டுவேன், சார் வந்து என்டரை அழுத்துவார். அறை முழுக்கக் கைதட்டுவார்கள். வேண்டிய ஒன்றிரண்டு பேக்கேஜ்கள் மட்டும் ஏறும். அதோடு அந்த வருடம் முடிந்தது.

இனி குமுதாவுக்கு வருகிறேன். சித்தேரி மலைப் பெண். சாரிடம் ஆய்வு மாணவி. மலையில் சாமை விதைக்கிற காடுகளில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து விதையையும், மலைக்காரர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் சொந்த விதையையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, எது நன்றாக விளைகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. குமுதாவின் அப்பா வெள்ளையனும் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களும் இவளுக்காகத் தங்கள் காட்டில் ஒரு பகுதியைப் பருவம் தவறாமல் விட்டுக்கொடுத்தார்கள். இடையில் கல்யாணம், குழந்தை, அம்மாவுக்கு வைத்தியம். பல்கலைக்கழகத்தில் கெஞ்சி வாங்கிய கடைசி நீட்டிப்பு விஜயதசமிக்கு அடுத்த திங்கட்கிழமை மாலையோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றாவிட்டால் பதிவு ரத்து. அத்தனை பருவத்துச் சாமையும் வீண்.

ஆய்வேடு எழுதி முடிந்திருந்தது. நிலையத்து விதைதான் அதிகம் விளைகிறது என்பது முடிவு. விஜயதசமியன்று அட்டவணைகளைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுச் சாரின் கையெழுத்தை வாங்குவதாக ஏற்பாடு. மல்லிகைப்பூ வைத்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அன்று போட வேண்டிய பேக்கேஜ் வழக்கமான இடத்திலிருந்து வராமல், அதைச் செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அப்படி வருவது நடுவில் நின்று கேள்வி கேட்கும். நான் கட்டளையைத் தட்டினேன். சார் என்டரை அழுத்தினார். கைதட்டல் அடங்குவதற்குள் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இங்கே இருக்கிற பல பேக்கேஜ்களுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, என்ன செய்யலாம்? ஒன்று என்றால் எல்லாவற்றையும் புதுப்பி. இரண்டு என்றால் சிலவற்றை மட்டும். மூன்று என்றால் ஒன்றும் வேண்டாம்.

“சார், மூணு போடுங்க” என்றேன்.

சாரின் விரல் மூன்றுக்கு மேலே போய் நின்றது. திரையைப் படித்தார். கற்பூர வாசனை இன்னும் போகவில்லை. சரஸ்வதி படத்துக்கு வைத்த பூகூட வாடவில்லை.

“நல்ல நாளும் அதுவுமா ‘ஒண்ணும் வேணாம்’னு அமுத்தறதாம்மா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றை அழுத்திவிட்டார்.

“ஐயோ சார்!” என்று நான் கத்தியது சுண்டல் விநியோகத்துச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. திரையில் எழுத்துகள் ஆற்று வெள்ளமாக ஓட ஆரம்பித்தன. வருடம் முழுக்க ‘இரலி’ சொல்லிக் காத்த மனுஷன், நல்ல நாளில் ‘வேண்டாம்’ என்று சொல்ல மனசு வராமல் மொத்தத்தையும் மாற்றிவிட்டார். பாதியில் நிறுத்தினால் எல்லாம் உடையும். கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குமுதா என் தோளைத் தொட்டாள். “மேடம், நான் தப்பான ஃபைலைத் தொறந்துட்டன் போலிருக்குங்க. நம்பர் வேறயா வருதுங்க.”

சரியான ஃபைல்தான். நிலையத்து விதை அதிகம் என்று வந்துகொண்டிருந்த இடத்தில், இரண்டு விதைக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்தது. அதே எண்கள், அதே கட்டளை. ஜார்தான் மாறியிருந்தது.

அவளை இழுத்துக்கொண்டு சாரின் அறைக்கு ஓடினேன்.

“சார், போன வாரம் எடுத்த நகல் எங்கிட்ட இருக்குதுங்க. மத்தியானத்துக்குள்ள பழசைத் திருப்பிப் போட்டுடறேன். இவ கையெழுத்து வாங்கிட்டுப் போகட்டுங்க.”

சார் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியைத் தேடினார்.

“இரலி.”

“என்ன சார் இரலி? திங்கக்கிழமை சாயங்காலத்தோட கதவை மூடிடுவான் சார். இந்தப் பொண்ணு மறுபடி மொதல்ல இருந்தா வரும்?”

“தெரியுதும்மா. ஆனா ரெண்டு பதில் வந்துட்டுது. எது சரின்னு தெரியாம நான் எதுல கையெழுத்துப் போடட்டும்?”

“நேத்து வரைக்கும் ஒரு பதில்தானுங்களே இருந்துச்சு. அதுல போட்டிருப்பீங்கதானே?”

“போட்டிருப்பேன். இப்பப் போட முடியாது.”

‘அந்த ஒன்றை அழுத்தியது யாருங்க?’ என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குமுதா பக்கத்தில் நின்றதால் விழுங்கினேன். வெளியே வந்தால், “சரோஜா மேடம் எல்லாத்தையும் அப்டேட் பண்ணிட்டாங்களாம், குமுதா வேலை போச்சாம்” என்று வராந்தாவில் பேச்சு. சாரின் கதவு திறந்துதான் இருந்தது. அவர் காதில் விழாமல் இருக்காது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கையில் இருந்த சுண்டலை அப்படியே குப்பையில் கொட்டினேன்.

குமுதா அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தலையிலிருந்த பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றதுங்க மேடம்?” என்றாள். “எந்திரி, உக்காந்தா எதுவும் நடக்காது” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. சாவியை வாங்கி அறையைத் திறந்தோம். ஜன்னலோரத்துக் கணினியில் பழைய நகலைப் போட்டேன். பக்கத்துக் கணினியில் புதியது. ஒரே கட்டளையை இரண்டிலும் ஒவ்வொரு படியாக ஓட்டினோம். இந்தப் படியில் ஒன்றாக இருக்கிறதா, அடுத்ததில்? நான் இரண்டு மேசைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். சார் அழைக்காமலே வந்தார். மூலையில் உட்கார்ந்து மாற்றக் குறிப்புகளை அச்செடுத்து, அதே ஸ்கேலை வைத்து, அதே நிதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவரும் நானும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன் நான் ஒன்றைப் பிடித்தேன். இரண்டு கணினியும் எண்ணுகிற காடுகளே ஒன்றாக இல்லை. பழையதில் குறைவாக இருந்தன. அதே நேரத்தில் மூலையிலிருந்து சாரின் குரல் வந்தது.

“சரோஜாம்மா, இங்க பாருங்க.”

அவர் கோடு போட்டிருந்த வரி இதுதான். ஒரு காட்டில் ஒரு விதைக்கு எடை எழுதாமல் காலியாக இருந்தால், பழைய பதிப்பு அந்தக் காட்டையே மொத்தமாக ஒதுக்கிவிடும். பக்கத்தில் விளைந்த மற்ற விதையின் எடையும் கணக்கில் சேராது. புதிய பதிப்பு அப்படி ஒதுக்குவதில்லை, இருக்கிற எடையை வைத்துக்கொள்கிறது.

“அப்ப புதுசுதான் சரி. முடிஞ்சுது” என்றேன். மனசுக்குள் அவளுக்குக் கையெழுத்து வாங்கி, ஏற்றி முடித்து, வீட்டுக்கே போய்விட்டிருந்தேன்.

“இரலி. ஏன் காலியா இருக்குதுன்னு தெரியணும்” என்றார் சார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் குமுதா திரைக்கு அருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த கட்டங்கள் எல்லாம் ஒரே ஊர். அவளுடைய ஊர். எல்லாம் நிலையத்து விதையின் கட்டங்கள். மற்ற ஊர்களில் அவளே நின்று எடை போட்டாள். கைக்குழந்தையோடு இருந்த பருவங்களில் பஸ் போகாத தன் ஊருக்கு மட்டும் ஏறிப் போக முடியவில்லை. அப்பாதான் எல்லாக் களத்துக்கும் போய் எடை போட்டுப் போனில் சொன்னார்.

“இந்த எடையெல்லாம் கேட்டா, ‘அதை வுட்டுடு கண்ணு’ன்னு சொன்னாருங்க. எடை போட மறந்துட்டாரு போலிருக்குன்னு வுட்டுட்டன்.”

அப்பாவைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. அவர்கள் ஊரில் பாறை ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஆளிடம் சொல்லி அனுப்பி, காத்திருந்து, கடைசியில் அவரே கூப்பிட்டார். குமுதா ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

“அப்பா, நான் வுட்டு வெச்சிருக்கனே, நெலயத்து வெதை, அதுக்கெல்லாம் எடை போட்டியா இல்லியா?”

“போடறதுக்கு என்ன கண்ணு இருந்துது? அது முன்னாடியே பழுத்துடுது. காட்டுல வேற எதுவும் பழுக்காதப்ப அது மட்டும் நின்னா பன்னி வுடுமா? பூந்து மேஞ்சுட்டுப் போயிடுச்சு. நாம காவலுக்குப் போறதே நம்ம வெதை பழுக்கறப்பதான்.”

“எல்லாக் காட்டுலயுமா?”

“நீ கேட்ட காட்டுலயெல்லாம் அதே கதைதான்.”

“அதை ஏம்ப்பா அப்பவே சொல்லல?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“களத்துல நின்னுக்கிட்டு, நம்ம வெதையைக் குமிச்சு வெச்சிருக்கறப்ப, அந்த ‘இல்ல’ங்கற வார்த்தையை எப்படிக் கண்ணு சொல்றது? வூட்டுல அரிசி தீந்தாலே நெறஞ்சிருக்குதுன்னுதான சொல்லுவோம். அதான் வுட்டுடுன்னேன்.”

நான் சாரைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் கண்ணாடி கையில் இருந்தது. துடைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். என் ஆத்திரம் அந்த நிமிடத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. மல்லிகைப்பூவும் கற்பூரமும் மூன்றுக்கு மேலே நின்ற விரலும்தான் கண்முன் வந்தன.

“பூஜ்யம் போடும்மா” என்றார் குமுதாவிடம்.

அவள் முதலில் தன் அப்பாவின் காட்டுக்குப் போனாள். காலிக் கட்டத்தில் நிறுத்தி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுப் பூஜ்யத்தை அழுத்தினாள். பிறகு ஒவ்வொரு காடாகப் போட்டாள். இரண்டு கணினியிலும் ஓட்டினேன். பழையதும் புதியதும் ஒரே பதிலைச் சொன்னன. அந்த மலையில் மலை விதைதான் மேல்.

அதற்காக நான் துள்ளிக் குதிக்கவில்லை. எழுதி முடித்த முடிவு தலைகீழாகிவிட்டது. கடைசி அத்தியாயம் முழுக்க மாற வேண்டும், திங்கட்கிழமை மாலைக்குள். ‘இரலி’ என்று சொல்ல வாய் திறந்தால் சாரை நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் சொல்லவில்லை. நாற்காலியைக் குமுதாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் சொல்ல அவர் திருத்த, அவர் சொல்ல அவள் தட்ட, வரி வரியாக எழுதினார்கள். நான் வரைபடங்களை மாற்றினேன், டீ வாங்கி வந்தேன், அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன், மறுபடி நடந்தேன்.

திங்கட்கிழமை காலை, ராகு காலம் என்றுகூடப் பார்க்காமல் வந்துவிட்டோம். அட்டவணைகளை அழகாக அச்சிடுகிற சின்ன பேக்கேஜ் ஒன்று புதியவற்றோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடித்தது. அதையும் செய்தவரின் பக்கத்திலிருந்தே மறுபடி போட்டேன். அதற்குள் ஒன்றிரண்டுக்கு இன்னும் புதிய பதிப்பு வந்திருந்தது. திரையில் அதே கேள்வி வந்து நின்றது. ஒன்றா, இரண்டா, மூன்றா? நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பின்னாலிருந்து சார் சொன்னார். “மூணு போடுங்க சரோஜாம்மா. வேணாம்னா வேணாம்தான்.”

பல்கலைக்கழகத்து இணையப் பக்கம் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று நின்று உயிரை வாங்கியது. மாலை மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு ஏறியது. ஏறிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தபோதுதான் குமுதா அழுதாள். நானும்தான். ஏன் மறைக்க வேண்டும்?

கார்த்தி, உங்கள் சந்தேகத்துக்கு இதுதான் பதில். பொட்டு வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். தானாகப் புதுப்பித்துக்கொள்வதை மட்டும் முதலில் நிறுத்துங்கள். அது நின்று கேட்கட்டும். யாராவது ஒருவர் முன்னால் நின்று பதில் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, யார் சொன்னார்கள் என்றாவது தெரியும். நகல் எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. அதன் பிறகு பல மாதங்கள் அலுவலகத்தில், ‘சரோஜா மேடம் அப்டேட் பண்ணி மாட்டிக்கிட்ட கதை’ என்றுதான் இது ஓடியது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே போய் நடப்பேன். சார் அவர் அறையில் குறிப்புகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அவராகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு. அவர் ஏன் சொல்லவில்லை என்று நினைத்து நினைத்து எத்தனையோ நாள் சாப்பாடு இறங்கவில்லை.

குமுதாவின் வாய்மொழித் தேர்வு எங்கள் அலுவலகக் கூடத்திலேயே நடந்தது. அரூரிலிருந்து பஸ் மாறி வெள்ளையன் வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் புதுச் சாமை. தேர்வு நல்லபடியாக முடிந்து, வந்தவர்கள் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, கட்டிய ஆய்வேட்டை மேசையில் பார்த்துவிட்டு மகளைக் கேட்டார்.

“நம்ம காடு இதுல எங்க கண்ணு இருக்குது?”

அவள் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“இதென்ன, நம்ம பேருக்கு நேரா முட்டை?”

“அதாம்ப்பா, பன்னி மேஞ்சது.”

“இத்தினி பெரிய புஸ்தகத்துல போயி அதையா போட்டே?”

“அதைப் போட்டதுனாலதாம்ப்பா நம்ம வெதை மேல வந்துச்சு” என்று அவர் விரலைப் பிடித்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள். அவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாரைத் தேடிப் போனார். தவறு செய்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

“மன்னிச்சுக்குங்க சார். அன்னிக்கே புள்ளைகிட்ட சொல்லியிருக்கணுமுங்க. களத்துல நின்னு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரலீங்க.”

கூடம் முழுக்க எங்கள் அலுவலகத்து ஆட்கள். கதை சொல்லிச் சிரித்த அத்தனை பேரும் இருந்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“எனக்கும் வரலீங்க” என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “அன்னிக்குச் சரோஜாம்மா மூணு போடுங்கன்னுதான் சொன்னாங்க. நல்ல நாளாச்சேன்னு ஒண்ணை அமுத்தினது நான்தான்.”

என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.